ஐந்து இரவு, ஆறு பகல் போதுமா? அந்தமான் பயணத் திட்டம் பற்றி ஓர் ஆய்வு

அந்தமானுக்குப் போவதென்று ஒரு குடும்பம் முடிவெடுத்ததும் எழும் முதல் கேள்வி, 'எத்தனை நாள் வேண்டும்?' என்பதுதான். சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ எந்தப் பயண முகவரைக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ஐந்து இரவு, ஆறு பகல். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக் தீவில் இரண்டு, நீல் தீவில் ஒன்று. நடுவே ஒருநாள் பாராடாங் தீவு. தேனிலவுத் தம்பதிக்கும் பாட்டியோடு கிளம்பும் ஏழுபேர் குடும்பத்துக்கும் இதே அச்சுதான்.

இந்த அச்சு எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தமானில் ஒரு பயணம் நன்றாக அமைவதை நாட்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. பருவம், கப்பல், அனுமதி ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. நாட்களை எந்த வரிசையில் அடுக்குகிறோம், எந்த இடங்களை வேண்டாமென்று விடுகிறோம் என்பவற்றில்தான் திட்டமிடும் திறமை இருக்கிறது.

எவ்வளவு பெரிய இடம்?

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டம் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பாறைத் திட்டுகளையும் சேர்த்துத் தீவுகள் 836 என்பது அரசுக் கணக்கு. மக்கள் வாழ்பவை அவற்றில் மிகச் சில. மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. அந்தமான் தொகுதியையும் நிக்கோபார் தொகுதியையும் பத்துப் பாகைக் கால்வாய் பிரிக்கிறது. நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சென்னையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

இந்த விரிவில் சுற்றுலாப் பயணிக்குத் திறந்திருப்பது சிறு பகுதிதான். நிக்கோபார் தொகுதியின் பெரும்பகுதி பழங்குடிக் காப்பகம். இந்தியக் குடிமக்களே தனி அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதும் இல்லை. அந்தமான் தொகுதியிலும் ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்களின் நிலங்கள் மூடப்பட்டவை. மிஞ்சுவது தெற்கு அந்தமானின் நகர்ப்பகுதி, கிழக்கே ஹேவ்லாக், நீல் தீவுகள், வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர், தெற்கே லிட்டில் அந்தமானின் ஹட் பே. ஐந்து இரவு அச்சு இதிலும் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. அது குறையாகாது. மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டு 'அந்தமான் முழுக்கப் பார்த்தாயிற்று' என்று சொல்லவைப்பதுதான் குறை.

பெயர் மாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். பயணச்சீட்டு வாங்கும்போது குழப்பும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீவு ஆனது, நீல் ஷகீத் தீவு ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்களும் எழுத்தில் புதியவையும் வழங்குகின்றன.

பள்ளி விடுமுறையும் பருவமழையும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பயணத் தேதியைப் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான் குறிக்கிறது: கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை. அந்தமான் கடல் இந்த அட்டவணையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

தென்மேற்குப் பருவமழை இந்திய எல்லைக்குள் முதலில் நுழையும் இடம் இந்தத் தீவுகள்தான். கேரளத்துக்கு ஜூன் தொடக்கத்தில் வரும் மழை, இங்கே மே 20ஐ ஒட்டியே வந்துவிடும். செப்டம்பர் வரை அது நீடிக்கும். பின்னர் அக்டோபர், நவம்பரில் வங்கக்கடல் புயல்களின் காலம். 'அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்ற செய்தியை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய நமக்கு, அந்தத் தாழ்வுப் பகுதிக்கு அடியிலும் ஊர்கள் உண்டு என்பது பல சமயம் மறந்துபோகிறது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையைப்போல இருமடங்குக்கும் மேல்.

ஆகவே கடல் அடங்கியிருக்கும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் தெளிந்து, கடலடியைப் பார்ப்பதற்கு மிக ஏற்றதாக இருக்கும். அரையாண்டு விடுமுறையில் வரும் டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். புயல் ஆபத்தும் முழுதாக நீங்கியிருக்காது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு தாழ்வு மண்டலத்தால் கப்பல்கள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் சென்று மீட்க வேண்டியிருந்தது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பபுக் புயலும் போக்குவரத்தைக் குலைத்தது.

பள்ளிக்குக் கட்டுப்பட்ட குடும்பத்துக்கு இரண்டு நல்ல இடைவெளிகள் உண்டு. ஒன்று, பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்துக்கொள்வது. மற்றொன்று, ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை. வெயிலும் புழுக்கமும் இருக்கும், ஆனால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதப் பிற்பாதியில் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் மழைதான்.

விமானமா, கப்பலா?

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். 2023 ஜூலையில் திறந்த புதிய முனையம் வந்தபிறகு இறங்குவதும் ஏறுவதும் எளிதாகியிருக்கின்றன. கப்பலில் சென்றால் சுமார் 1,200 கிலோமீட்டர். கடலின் மனநிலையைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று நாள்.

கப்பல் என்றதும் உல்லாசக் கப்பலை நினைத்துக்கொள்வோர் பலர். இவை தீவு மக்களுக்காக அரசு நடத்தும் கப்பல்கள். பெரும் கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பு, அதற்குமேல் அறைகள் என்று படிநிலை உண்டு. மாதத்தில் சில முறைதான் கிளம்பும்; கிளம்பும் தேதி மாறும்; ஏறும்போது இறங்கும் நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. விடுப்பு எண்ணி எடுப்பவருக்கு இது ஒத்துவராது. ஓய்வுபெற்றவர்களுக்கும் நீண்ட விடுமுறையில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒருவழியைக் கப்பலில் சென்று பார்ப்பது தகும். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. தாமதம் தொடக்கத்தில் வந்தால் திட்டத்தைச் சுருக்கலாம். கடைசியில் வந்தால் வேலைக்குப் போகும் நாள் போய்விடும்.

இந்தக் கப்பல் தடத்தின் பின்னால் ஒரு தமிழ்க் கதையும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். பிழைப்புக்கென்று தமிழகத்திலிருந்து போனவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள் ஆகியோருடன், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினரும் இதில் அடக்கம். அவர்களுக்காக நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது; 2004 சுனாமியில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழில் பேரம் பேச முடிகிறதென்றால், வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரக் கூட்டம் கூடுகிறதென்றால், அதற்கு இந்த வரலாறே காரணம்.

ஒவ்வொரு கடல் தாண்டலும் அரைநாள்

ஐந்து இரவு அச்சின் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் அறையைக் காலி செய்வது, துறைக்கு முன்னதாகப் போய்ப் பைகளைச் சோதனைக்குக் கொடுப்பது, இறங்கியபின் அடுத்த விடுதி திறக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு தாண்டலும் அரைநாளை விழுங்கிவிடும்.

கணக்குப் போடுவோம். ஆறு பகலில் வரும் நாளும் போகும் நாளும் பாதிப்பாதி, ஒருநாள் கழிந்தது. போர்ட் பிளேர் – ஹேவ்லாக் – நீல் – போர்ட் பிளேர் என்று மூன்று தாண்டல், ஒன்றரை நாள். பாராடாங் ஒருநாள். மிச்சம் இரண்டரை நாள். இதற்குள் ராதாநகர், எலிஃபன்ட் பீச், பரத்பூர், லட்சுமண்பூர் கடற்கரைகள், செல்லுலார் சிறைச்சாலை, ராஸ் தீவு எல்லாம் முடிய வேண்டும். இந்தப் பட்டியலை முடிக்க முடியும். அதன்பின் நினைவில் தங்குவது வரிசைகளும் பைகளும்தான்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள். ஐந்து இரவுதான் கிடைக்கும் என்றால் ஒரே ஒரு வெளித்தீவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் நீல்: சமதளம், சிறிய ஊர், மிதிவண்டியிலேயே சுற்றிவிடலாம், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளி விவசாயிகள் வளர்த்த காய்கறித் தோட்டங்கள் நடுநடுவே வரும். ஸ்கூபா பயிலவோ விதவிதமான விடுதிகளில் தங்கவோ விரும்புகிறவர்களுக்கு ஹேவ்லாக். இரண்டும் வேண்டுமென்றால் ஏழு இரவாவது ஒதுக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. பல திட்டங்கள் சிறைச்சாலை, ராஸ் தீவு முதலியவற்றை முதல் இரண்டு நாளில் முடித்துவிட்டு, வெளித்தீவிலிருந்து கடைசி மாலையில் திரும்பி, மறுநாள் காலை விமானம் ஏற வைக்கின்றன. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். வெளித்தீவுகள் முதலில், போர்ட் பிளேர் கடைசியில். விமானத்துக்கு முன் ஒரு முழுநாளாவது நகரத்தில் இருக்க வேண்டும். படகு ஒருநாள் ஓடாவிட்டால் இழப்பது ராஸ் தீவாக இருக்கும், விமானமாக இருக்காது.

நகரத்தைக் கடைசியில் வைப்பதால் வேறொரு நன்மையும் உண்டு. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கைகளில் இன்று மூன்றுதான் நிற்கின்றன. எதிரே ராஸ் தீவில் ஆங்கிலேய நிர்வாகம் நடத்திய மாளிகைகளையும் தேவாலயத்தையும் ஆலமர வேர்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. 1941 நிலநடுக்கத்துக்கும் 1942 ஜப்பானியப் படையெடுப்புக்கும் பின் அந்தத் தீவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கடலையும் காட்டையும் சில நாள் பார்த்தபின் இவற்றைப் பார்க்கும்போது, தப்ப வழியில்லாத இடமென்று இத்தீவைத் தண்டனைக் குடியிருப்புக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

கதிரவனும் நிலவும்

இந்திய நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தமான் இருப்பது 92, 93 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் அங்கே சூரியன் சுமார் 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. குளிர்காலத்தில் ஐந்தே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். எட்டு மணிக்குச் சாவகாசமாகக் காலை உணவு, பதினொன்றுக்குக் கிளம்பல் என்ற நம் விடுமுறை வழக்கம் இங்கே வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். அதிகாலை எழுந்து, நண்பகலில் ஓய்ந்து, மாலை நான்குக்குள் கடற்கரையில் இருப்பதே தீவுக்கு ஏற்ற நாள்முறை.

நிலவை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். டிக்லிபூர் அருகே ராஸ் (போர்ட் பிளேர் எதிரே உள்ள ராஸ் வேறு), ஸ்மித் என்ற இரு தீவுகளை இணைக்கும் மணல்திட்டும் நீர் இறங்கும்போதுதான் முழுதாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக ஏறி மிக வற்றும். அட்டமியை ஒட்டி வேறுபாடு குறைவு. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே இதற்குப் போதும். ஹேவ்லாக்கில் இரவில் துடுப்பசைவில் ஒளிரும் கடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்; நிலவொளியில் அது மங்கிவிடும்.

பாராடாங் என்னும் கேள்வி

சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பாராடாங்கின் ஈர்ப்புகள். அங்கே போகும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடே செல்கிறது. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வாகனங்கள் கூடி, குறித்த நேரத்தில் காவல் பாதுகாப்புடன் வரிசையாகக் கிளம்புகின்றன. முதல் கான்வாயைப் பிடிக்க நகரிலிருந்து விடியுமுன்பே புறப்பட வேண்டும். வழியில் நிற்கவோ, படம் எடுக்கவோ, எதையும் கொடுக்கவோ கூடாது.

ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். வெளியாருடன் பகைமை தணிந்து அவர்கள் ஊர்ப்பக்கம் வரத் தொடங்கியது 1990களின் பிற்பாதியில். 1999இலும் 2006இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சாலையின் அப்பகுதியை மூடும்படி 2002இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைக்கும் காணொளி 2012இல் வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013இல் சுற்றுலாப் போக்குவரத்துக்கு நீதிமன்றம் தடைவிதித்து, சில வாரங்களில் விலக்கிக்கொண்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தச் சாலை சுற்றுலாவுக்கென்று போடப்பட்டதல்ல. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அதுவே வழி. பாராடாங்கில் படகோட்டுவோரின் பிழைப்பும் அதைச் சார்ந்ததே. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பயணம் என்பதால் போகிறவர்களைக் குற்றவாளிகளாக்க முடியாது. ஆனாலும் ஓட்டுநர் 'அதிர்ஷ்டம் இருந்தால் ஜாரவாவைப் பார்க்கலாம்' என்று ஆசை காட்டும் ஒரு பயணத்தில், மனிதர்களே காட்சிப்பொருளாகிவிடுகிறார்கள். பயணி தவிர்த்தால் யாருக்கும் மருந்து நின்றுவிடப் போவதில்லை. ஐந்து இரவுத் திட்டத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் விழுங்கும் இந்த ஒருநாளை எடுத்துவிட்டால், மனசாட்சிக்கும் நேரத்துக்கும் சேர்ந்தே லாபம். அந்த நாளில் வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். 1983இல் அமைந்த இப்பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு இது.

வடக்கே போக விரும்புவோருக்குக் கடல்வழி உண்டு. போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர்ப் பக்கம் அரசுக் கப்பல் செல்கிறது. 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம், குளிர்மாதங்களில் கடலாமைகள் முட்டையிடும் காலிப்பூர்க் கரை ஆகியவை அங்கே. லிட்டில் அந்தமானில் அலைச்சறுக்குக்குப் பேர்பெற்ற பட்லர் பே உண்டு. இவை பத்து நாளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கும், வசதிக்குறைவைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கும் மட்டுமே.

தீவு எவ்வளவு தாங்கும்?

2011இல் 3.8 லட்சம் பேர் வாழ்ந்த தீவுகளுக்கு 2019இல் வந்த பயணிகள் 5 லட்சத்தைத் தாண்டினர். இவ்வளவு மழை பெய்தும், தனிக்காரி அணையை நம்பியிருக்கும் போர்ட் பிளேரில் கோடையில் குழாய்நீர் தினமும் வராது. மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் எரித்துப் பெறப்படுகிறது. விடுதியில் நிரம்பும் குளியல் தொட்டியும் ஓடும் ஏசியும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்தன. 2004 நிலநடுக்கத்தில் வடக்கு, மேற்கு அந்தமானின் சில கரைகள் உயர்ந்து பவளம் வெயிலில் காய்ந்தது. இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இப்படி அடிபட்ட பாறைமேல் நீந்தும்போது கால் ஊன்றாமல் இருப்பதும், சங்கையோ பவளத்துண்டையோ பையில் போடாமல் இருப்பதும் பயணியின் பங்கு. பின்னது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கக் கூடாது. உவர்நீர் முதலைகள் உள்ள கடல் இது. 2010இல் ராதாநகர்க் கரையை ஒட்டிய சிறு குடாவில் அமெரிக்கப் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடம் வந்தபின் இணையம் மேம்பட்டிருக்கிறது. என்றாலும் வெளித்தீவுகளில் கைப்பேசிப் பணம் செல்லாத வேளைகள் உண்டு, ரொக்கம் தேவை. கடல் ஒவ்வாதவர்கள் மாத்திரையைப் படகு ஏறுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவாக

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஐந்து இரவு அச்சு முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஒரு வெளித்தீவு, பாராடாங் இல்லை, கடைசி முழுநாள் நகரில் என்ற திருத்தங்களோடு அது நல்ல திட்டமே. ஏழு இரவு இருந்தால் இரண்டு தீவுகள். பத்து இரவு இருந்தால் கடல்வழியே வடக்கோ தெற்கோ. எந்தத் திட்டமானாலும் எதற்கும் ஒதுக்காத ஒருநாள் உள்ளே இருக்க வேண்டும். மழையோ படகோ அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் அது உங்களுக்கே கிடைக்கும்.

பயண முகவரின் திறமையை அளக்க விலைப்பட்டியலும் படங்களும் உதவா. 'மூன்றாம் நாள் படகு ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். வரிசையை எப்படி மாற்றுவார், எந்த விடுதியில் நீட்டிப்பார், எந்தச் சீட்டின் பணம் திரும்பும் என்று உடனே சொல்கிறவரிடம் முன்பணம் கட்டலாம். 'அதெல்லாம் நடக்காது சார்' என்று சொல்கிறவரிடம் எழுந்து விடைபெற்றுவிடலாம்.